டிங்கரின் ஐந்து புள்ளி நான்கு

டிங்கர் வீசிய மரச் சுத்தியல் மனைவியின் காதை உரசிக்கொண்டு போய், சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைச் சில்லுச் சில்லாக்கியது. சாப்பிட வாங்க என்று கூப்பிட்டதைத் தவிர அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. தட்டைத் தரையில் வைத்துக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிட்டு முடித்த டிங்கர் கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டினார்.

"கண்ணாடி எப்படி உடைஞ்சுது?"

இந்தக் கேள்விதான் அந்த வீட்டில் யாருக்கும் பொறுக்கவில்லை. அடிக்கிற டிங்கரை அந்த வீடு முன்பே பார்த்திருக்கிறது. அடித்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும் டிங்கரை இப்போதுதான் பார்க்கிறது.

வயசுக்காலத்தில் அவருடைய கை அந்த வட்டாரம் முழுக்கப் பிரசித்தம். பேருந்து நிறுத்தத்தில் ஒருவனுடைய காது மடலைக் கடித்துத் துப்பிவிட்டு ஜெயிலுக்குள் போய் இருந்துவிட்டு வந்தவர். வெளியில் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் வீட்டுக்குள் காட்டினார். ஒருநாள் மனைவியை நோக்கி ஓங்கிய ஸ்பேனர், அவள் இடுப்பில் இருந்த மகனின் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. அன்றோடு கையை மடக்கினார். அதற்குப் பிறகு அவர் அடித்ததெல்லாம் நசுங்கிய கார்க் கதவுகளைத்தான். உள்பக்கம் இரும்புக் கட்டையைக் கொடுத்து, வெளியிலிருந்து தட்டித் தட்டி, மோதின சுவடே இல்லாமல் தகட்டைச் சமமாக்குவார். பெயரை மறந்து ஊரே அவரை டிங்கர் என்று கூப்பிட்டது. மகனுடைய தோளில் மட்டும் அந்த எலும்பு கோணலாகவே ஒட்டிக்கொண்டது. சட்டைக்கு மேலேயும் தெரியும்.

சர்க்கரை வந்தது பிற்பாடு. அதற்குள் மகள் படித்து முடித்து, பக்கத்துச் சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். நிலையத்தில் வைத்தியம் எப்படி நடக்கிறது என்று அளந்து சொல்வது அவள் வேலை. சர்க்கரைக்காரர்களில் எத்தனை பேருக்குப் பாதம் பார்த்தார்கள், எத்தனை பேருக்குக் கண் பார்த்தார்கள், ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி எத்தனை பேருக்கு ஏழு சதவீதத்துக்குக் கீழே வந்திருக்கிறது. வந்தவர்கள் பச்சை, வராதவர்கள் சிவப்பு. பச்சையின் சதவீதம் வாசலில் ஒரு பலகையில் தொங்கும்.

டிங்கர் முதல் தடவை சிவப்பில் வந்தார். அது அவருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்திலும் தேறாத மனிதர். மகள் வேலை பார்க்கிற இடத்தில் தான் ஃபெயில் ஆவதா? மருத்துவர் மாத்திரையை இரண்டு மடங்காக்கினார். ஒருவேளைகூடத் தவறாமல் விழுங்கினார் டிங்கர். வீட்டில் சர்க்கரை டப்பா இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். மதியச் சாப்பாட்டை யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினார். மூன்று மாதம் கழித்து ஐந்து புள்ளி நான்கு வந்தது. நிலையத்திலேயே அதுதான் நல்ல எண்.

"இந்த வீட்டுல ரெண்டாவது பாஸ் நான்தான்" என்றார்.

மகளுக்கும் பெருமை பிடிபடவில்லை. மாத்திரை சாப்பிட மறுப்பவர்களிடம் எல்லாம், எங்க அப்பாவைப் பாருங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சுத்தியல் பறக்கத் தொடங்கியதும் அதே மாதங்களில்தான். அவள் வேலை முடிந்து வீடு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அம்மாவின் புருவம் கிழிந்திருக்கும், அப்பா சாப்பிட்டுவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். பழைய டிங்கர் திரும்பிட்டாரு என்று தெரு பேசியது. அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

குளிர்பான வேன் ஓட்டும் அவள் அண்ணன், அந்தக் கோணல் தோள்காரன், தனியாக வீடு எடுத்துப் போய்விட்டவன். அம்மாவின் புருவத்துத் தையலைப் பார்த்த அன்று அப்பாவின் எதிரே வந்து நின்றான்.

"யோவ், எதுக்கு அடிச்ச?"

"நான் எங்கடா அடிச்சேன்?"

"இன்னொரு தடவை அம்மா மேல கை பட்டுச்சு, அந்தக் கை உனக்கு இருக்காது. சொல்லிட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவன். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா அன்றிலிருந்து நீளக் கை ரவிக்கை போட்டாள். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டாள். மகன் வந்தால் விளக்கைப் போடாமல் பேசினாள்.

ஒருநாள் வீடுகளுக்குப் போய்ச் சர்க்கரை பார்க்கிற வேலை சீக்கிரம் முடிந்தது. பொழுது சாயும் நேரத்திலேயே மகள் வீடு திரும்பினாள். வீட்டுக்கு முன்பக்கம்தான் பட்டறை. அண்ணனுடைய வேன் வெளியில் நின்றது. காலிப் பெட்டிகளைப் போட வந்தவன் போலிருக்கிறது, வேனைப் பூட்டிவிட்டு உள்ளே போயிருந்தான். உள்ளே அப்பா அம்மாவின் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து, நிறுத்தி வைத்திருந்த கார்க் கதவில் அவள் முகத்தை மோதிக்கொண்டிருந்தார். தகடு மணி மாதிரி அடித்தது.

அண்ணன் மூலையில் கிடந்த இரும்புக் குழாயை எடுத்தான். முடியைப் பிடித்திருந்த மணிக்கட்டில் இறக்கினான். கை கொக்கி மாதிரி தொங்கியது. அம்மா நழுவித் தரையில் விழுந்தாள். முழங்காலில் ஓர் அடி. டிங்கர் சரிந்தார். அடுத்த அடிக்குக் குழாய் தலைக்கு மேலே ஏறியது.

மகளின் கண்ணில் பட்டது வேறொன்று. எலும்பு முறிந்த மனிதர் ஐயோ என்றுகூடக் கத்தவில்லை. தொங்குகிற கையைப் பார்த்துச் சிரித்தார். சட்டை முழுக்கத் தொப்பலாக நனைந்திருந்தது. வாய் குழறி, எவனோ ஒரு முதலாளியிடம் வண்டியை நாளைக்குத் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் அப்பாவின் மேல் விழுந்தாள். குழாய் அவள் தோளில் பட்டுத் தெறித்தது.

"எந்திரிடி."

"அண்ணா, இரு. இவரைத் தொட்டுப் பாரு. ஐஸ் மாதிரி இருக்காரு."

"செத்துத் தொலையட்டும்."

அவள் பையைக் கவிழ்த்தாள். முறியாத கையின் விரலில் குத்தினாள். கருவியில் அந்த நேரத்துச் சர்க்கரை முப்பத்தெட்டு என்று வந்தது. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள் அவள்தான்.

"அம்மா, சர்க்கரை எடுத்துட்டு வா."

"வீட்ல ஏதுடி சர்க்கரை? அவர்தான் டப்பாவையே தூக்கிப் போட்டுட்டாரே."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேனைப் பார்த்தார்கள். வேன் நிறைய இனிப்புத் தண்ணீர். சாவி அண்ணன் சட்டைப் பையில் இருந்தது. அவன் குழாயைக் கீழே போடாமல், சாவியையும் எடுக்காமல் நின்றான். டிங்கரின் தலை மார்பில் தொங்க ஆரம்பித்தது.

அம்மாதான் எழுந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் உதட்டுக்கு வழிந்தது. மகன் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"சாவி."

"அம்மா, உன்னை இந்த ஆளு..."

"தெரியும். என் மூஞ்சிதானே. சாவியைக் குடு."

கொடுத்தான். அவள் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து, பட்டறைக் குறடால் மூடியைப் பிடுங்கினாள். மகள் தலையை நிமிர்த்திப் பிடிக்க, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் ஊற்றினாள். பாதி வெளியில் வழிந்தது, பாதி உள்ளே போனது. பாட்டில் தீர்ந்து சற்று நேரத்தில் டிங்கரின் கண் நிலைக்கு வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்தார். மகன் கையில் இருந்த குழாயைப் பார்த்தார். பிறகுதான் வலி வந்தது. அப்போது அவர் போட்ட அலறல் தெருக் கோடி வரை கேட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்குத் தகடு வைத்தார்கள். பழையபடி சுத்தியல் பிடிக்க வராது என்றார்கள். கட்டிலைச் சுற்றி நின்ற குடும்பத்துக்கு மகள் விளக்கம் சொன்னாள். மாத்திரை அதிகம், மதியம் சாப்பாடு இல்லை, சாயந்தரம் சர்க்கரை அடியோடு இறங்கிவிடுகிறது, மூளைக்குத் தீனி இல்லாமல் மனிதர் தன்வசம் இழக்கிறார், பிறகு நினைவே இருப்பதில்லை. சொல்லச் சொல்ல அவளுக்கே ஒரு நிம்மதி வந்தது.

அம்மா மூக்குக் கட்டோடு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மகனுடைய சட்டைக் காலரை விலக்கி, கோணல் எலும்பில் விரலை வைத்தாள்.

"சரி. இப்போ சர்க்கரை இறங்குச்சு. இதை உடைச்சப்போ எது இறங்குச்சு?"

டிங்கர்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அப்போ ஒண்ணும் இறங்கல. அது நான்தான்."

அண்ணன் வெளியே போய்விட்டான்.

மறுநாள் மகள் மருத்துவரின் அறைக்குப் போனாள்.

"அப்பாவோட நம்பர் நல்ல நம்பராச்சேம்மா" என்றார் அவர்.

"கொஞ்ச நேரம் மேல, கொஞ்ச நேரம் பாதாளத்துல. ரெண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தா அழகாத்தான் இருக்கும் மேடம். பாதாளத்துல இருந்த நேரமெல்லாம் எங்க அம்மா அடி வாங்கியிருக்காங்க."

மருத்துவரின் முகத்தில் ஈயாடவில்லை. "ஏழுக்குக் கீழே எத்தனை பேர்னுதான் மேலேருந்து கேக்கறாங்க. எவ்வளவு கீழேன்னு ஒருத்தரும் கேட்டதில்ல."

"நாமளும் கேக்கலையே மேடம். நான் அவரை உதாரணமா வேற காட்டிட்டு இருந்தேன்."

மருத்துவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ரொம்பக் கீழே இருப்பவர்கள் எல்லோரையும் வரச் சொல்லி மாத்திரையைக் குறைப்பதாகச் சொன்னார். பச்சை குறைந்தால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்றும் சொன்னார். மகள் தலையாட்டிவிட்டுப் போனை எடுத்தாள். நோயாளிகளிடம் கேட்கவில்லை, வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டாள். சாப்பாட்டுக்கு முன்னால் கை நடுங்குகிறதா, வேர்க்கிறதா, குணம் மாறுகிறதா?

ஓய்வுபெற்ற காவலாளி ஒருவரின் மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு, "உங்களுக்கு யாரும்மா சொன்னா?" என்றாள். மகள் அவரை அன்றே வரச் சொன்னாள்.

இன்னொருத்தி சிரித்தாள். "எங்க வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டுக்கு முன்னாடி, பின்னாடின்னு எல்லாம் கிடையாதும்மா. சாப்பிட்டா இன்னும் தெம்பா அடிப்பாரு."

இதை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று மகளுக்குத் தெரியவில்லை. எதிர்முனையில் அந்தப் பெண், "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றாள். "நாளைக்கு உங்க வீட்டுப் பக்கம் வரேன், தனியாப் பேசலாம்" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

டிங்கர் இப்போது பாதி மாத்திரைதான் போடுகிறார், மதியம் சாப்பிடுகிறார். வீட்டுக்குச் சர்க்கரை டப்பா திரும்ப வந்துவிட்டது. அம்மா படுக்கும் அறைக்குப் புதிதாக ஒரு தாழ்ப்பாளும் வந்திருக்கிறது. அண்ணன் பொழுது சாயும் நேரம் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவான். உள்ளே வர மாட்டான். விளக்குப் போட்டு, அப்பா சாப்பிட உட்காரும் வரை வண்டியிலேயே இருப்பான். அவனுடைய இருக்கைக்குக் கீழே அந்தக் குழாய் கிடக்கிறது. மகள் பார்த்திருக்கிறாள், கேட்கவில்லை.

அன்றும் வேன் நின்றிருந்தது. அம்மா தட்டைக் கொண்டுவந்து பட்டறை மேசையில் வைத்தாள். கையை எடுத்ததும் ஓரடி பின்னால் போனாள். டிங்கர் இடது கையால் தட்டை இழுத்துக்கொண்டு, அந்த ஓரடியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் தள்ளியே நில்லு" என்றார்.

அவள் தள்ளி நின்றாள். அவர் சாப்பிடத் தொடங்கினார்.