கண்டிக்கோட்டையில் ரிவர்ஸ்

காசிமேட்டில் யசோதராவின் குட்டியானை வண்டியைத் தெரியாத மீன்காரர் இல்லை. விடியுமுன் வியாசர்பாடியிலிருந்து கிளம்பி, மீன் பெட்டிகளை ஏற்றி, மார்க்கெட் மார்க்கெட்டாக இறக்குவாள். பதினாறு வருஷம் வண்டி ஓட்டியும் வேடிக்கை பார்க்கவென்று ஓர் ஊருக்கும் போனதில்லை. இந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில் வண்டி சும்மா நிற்க, ஆந்திராவிலிருக்கும் கண்டிக்கோட்டைப் பள்ளத்தாக்கைப் பார்த்தே தீருவது என்று கிளம்பிவிட்டாள். பக்கத்து சீட்டில் புருஷன் பீம்ராவ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன்.

வண்டியை மூன்று தடவை கழுவியிருந்தாள். அப்படியும் டீக்கு நிறுத்திய இடமெல்லாம் பூனைகள் வந்து சக்கரத்தைச் சுற்றின.

கடப்பையைத் தாண்டியதும் பச்சை குறைந்து, அனல் முகத்தில் அறைந்தது. கோட்டையின் பின்பக்கம் நடந்தால், பூமி திடீரென்று பிளந்து கிடந்தது. இரு கரையிலும் அடுக்கடுக்காகச் செம்பாறை; அடியாழத்தில் பெண்ணாறு. யசோதராவுக்குப் பேச்சு வரவில்லை.

பீம்ராவுக்கு வந்தது. "எவன்மே இத்த அடுக்குனது? நான் கன்டெய்னர இப்டி கோணலா வெச்சா வூட்டுக்கு அனுப்பிடுவானுங்க."

அவள் பாறைக்குப் பாறை தாவி விளிம்புவரை போய்த் திரும்பிப் பார்த்தாள். பின்னால் வந்தவன் ஒரு சரிவுப் பாறையைக் கட்டிப்பிடித்துக் கிடந்தான்.

"தெனம் கிரேன் மேல குந்திகினு கீற ஆளு! இன்னாய்யா இது?"

"அங்க கையில லிவர் கீது, சுத்தி கண்ணாடி கீது. இங்க புடிச்சிக்க இன்னாமே கீது?"

சிரிப்பு முட்டியது. ஆனால் அவன் பாறையை விடுவதாயில்லை என்று கண்டதும் இறங்கி வந்து, அவனுக்குக் கீழே சமதரையில் நின்றாள். வண்டிக்குத் தட்டுவதுபோலப் பாறையைத் தட்டினாள்.

"ரிவர்ஸ் வா. வா, வா... லெஃப்ட்ல ஒடி... நேரா வுடு... வா... நிப்பாட்டு!"

கண்ணை மூடியபடி பீம்ராவ் பிசகாமல் பின்னால் வந்து சேர்ந்தான். வேடிக்கை பார்த்த கல்லூரிப் பெண்கள் கைதட்டினார்கள். அவன் வெட்கத்தோடு ஒரு சலாம் வைத்தான்.

நிழலில் புளிச்சோறும் வறுத்த கருவாடும் தின்றார்கள். பாதிப் பள்ளத்தாக்கு தெரிந்தாலே தனக்குப் போதும் என்றான் அவன். யசோதரா மட்டும் மறுபடி விளிம்புக்குப் போய்க் குப்புறப் படுத்து, வெயில் சாய்ந்து பாறைகள் நிறம் மாறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது அவனே கேட்டான்: "அட்த்த தபா மேடு இல்லாத எடமா பாரேன்."

"பக்கத்துல பேலம்னு ஒரு குகை கீதாம். பூமிக்கு அடியில போவுது."

கடப்பை வரும்வரை யோசித்தான். பிறகு, "டார்ச்சு நான் எத்துகினு வரேன்" என்றான்.