வேகனுக்கு அடியில் மூன்று நிமிடம்

இது நடந்தது. கதை விடுகிறாள் என்பவர்கள் வந்து என் இடது கையைப் பாருங்கள். இரண்டு விரல் இல்லை.

திருத்தணிக்குப் பக்கத்தில் ஒரு கோதுமைக் குடோன். தண்டவாளம் உள்ளேயே வரும், சரக்கு வேகன் வாசலில் வந்து நிற்கும். நான் அங்கே கூட்டுகிறவள். வேகனுக்கு அடியில் சிந்துகிற கோதுமை கூட்டுபவளுக்கே சொந்தம். எனக்கும் பாஞ்சாலிக்கும் அதில்தான் போட்டி. அடியில் போகிறவர் வேகனில் சிவப்புக் கொடி கட்ட வேண்டும். கட்டியவரே அவிழ்க்க வேண்டும், வேறு யாரும் தொட மாட்டார்கள்.

போன ஆவணி, செவ்வாய்க்கிழமை. மதியம் 1.12. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பாஞ்சாலி கை கழுவி வருவதற்குள் முந்திவிடலாமென்று கொடியைக் கட்டிவிட்டு அடியில் நுழைந்தேன். ஷெட்டின் கோடியில் மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி நின்றது. அதை ஓட்டும் உசேன் தொழுகைக்குப் போயிருந்தான். எப்போதும் அதன் இரும்புக் கைகளைத் தரையோடு இறக்கி வைத்துவிட்டுத்தான் போவான். அன்று அவை மார்பு உயரத்துக்கு உயர்ந்திருந்தன. அவனை மனசுக்குள் திட்டிக்கொண்டே கூட்டினேன்.

1.15.

பீப்... பீப்...

பின்னால் போகும்போது வருகிற சத்தம். ஆனால் வண்டி முன்னால் வந்துகொண்டிருந்தது.

"யாருப்பா அது, உசேனா? நான் கீழ கீறேன்."

பீப்... பீப்... கிட்டே வந்தது.

தலையை நீட்டினேன். சீட்டில் ஆள் இல்லை... மெத்தை மட்டும் யாரோ உட்கார்ந்தது போல அமுங்கியிருந்தது.

என் கொடி தரையில் கிடந்தது. நாலாக மடித்து.

டங்.

வண்டி இடித்து வேகன் நகர்ந்தது.

உருண்டேன்... கை மட்டும்...

பாஞ்சாலிதான் இழுத்துப் போட்டாள். சூப்பர்வைசர் வேதாசலம் ஓடி வந்தார். என் கையைக்கூடப் பார்க்காமல் குமாஸ்தாவிடம் சொன்னார்.

"கெழவி கொடி கட்டல. உசேன் வண்டிய எடுத்துட்டான். அப்டியே எழுது."

தொழுகை முடிந்து வந்த உசேன் சண்டை போடவில்லை. வண்டியின் சீட்டைத் தூக்கிக் காட்டினான்.

"காலைலயே பேட்டரிய கழட்டி சார்ஜுக்கு வெச்சிட்டேன் சார். பாத்துக்குங்க."

உள்ளே வெறும் குழி.

தையல் பிரித்த அன்று மெக்கானிக் அஃப்தாப் அரக்கோணத்திலிருந்து என்னைப் பார்க்க வந்தார். அந்த ஃபோர்க்லிஃப்ட் வேறொரு ஊர் சரக்கு யார்டிலிருந்து பழசாக வாங்கிய வண்டியாம். அங்கே அதை ஓட்டியவர் வேகனுக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டி நசுங்கிவிட்டாராம். நாற்பது நிமிடம் உயிர் இருந்ததாம். ரயில் கிளம்ப நேரமாகிறதென்று, அவரை அப்படியே விட்டுவிட்டு மூட்டை இறக்கினார்களாம்.

"பொம்பளைங்க அவர சுத்தி கூட்டிகினே இருந்தாங்கம்மா. அவரு ஒவ்வொரு மூஞ்சியா பாத்துகினே இருந்தாராம்."