பின்பெஞ்சில் ரெமிஜியஸ் சார்

பிரேசர் டவுனில் ஒரு தனியார் பள்ளி. அங்கே கணக்கு வாத்தியார் ரெமிஜியஸ் வாங்காத பயிற்சிச் சான்றிதழ் இல்லை. எந்தப் பயிற்சி வந்தாலும் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பார். சார்ட் பேப்பரில் மரம் வரைந்து கிளைக்கொன்றாக 'பொறுமை', 'புதுமை' என்று எழுதுவார். பந்தைத் தூக்கிப் போட்டுப் பக்கத்து ஆளின் பெயரைச் சொல்வார். மதியம் பிரியாணி, சாயங்காலம் சான்றிதழோடு போட்டோ. மறுநாள் ஏழாம் வகுப்பு பி பிரிவுக்குப் போய், பின்னக் கணக்கைப் போன வருஷம் நடத்திய மாதிரியே நடத்துவார்.

மனுஷன் சோம்பேறி இல்லை. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி மகன். அந்த வீட்டிலிருந்து முதலில் காலேஜ் வாசலை மிதித்தவர். தமிழ், கன்னடம், தக்னி, இங்கிலீஷ் நாலும் தண்ணி பட்ட பாடு. "வகுக்கிறதைத் தலைகீழாக்கிப் பெருக்கு" என்பதை நாலு பாஷையிலும் விளக்குவார். பிள்ளைகளுக்கு நாலு பாஷையிலும் புரியாது.

இந்தத் தடவையும் பி பிரிவு கணக்கில் கவிழ்ந்தால் வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு ஸ்கூல் பஸ் டியூட்டியில் போட்டுவிடுவதாகப் பிரின்சிபால் டொமினிக் சொல்லிவிட்டார். கணக்கு வாத்தியார் என்பதைவிட ரெமிஜியஸுக்கு வேறு பெருமை கிடையாது. பஸ் படியில் நின்று பிள்ளைகளின் தலையை எண்ணுவதை நினைத்தே தூக்கம் போனது. போன தூக்கம், 'விழிப்புடன் கற்பித்தல்' என்ற பயிற்சியின் நடுவில் குறட்டையோடு திரும்பி வந்தது.

டொமினிக் தண்டனை கொடுத்தார். ஒரு வாரம், காலி பீரியடில், ஸ்ரீவித்யா வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். ஸ்ரீவித்யா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து போன வருஷம் வந்து சேர்ந்த பெண். ஏ பிரிவுக்குக் கணக்கு எடுக்கிறாள். ஸ்டாஃப் ரூமில் சொர்ணம் டீச்சர் விடவில்லை. "இன்னா சார், இந்த வாட்டியாவது ஏழாங்கிளாஸ் பாஸ் பண்ணிடுவியா?"

முழங்கால் மேசையில் இடிக்க, ரெமிஜியஸ் உர்ரென்று உட்கார்ந்தார். மூன்றை அரையால் வகுத்தால் எவ்வளவு என்று ஸ்ரீவித்யா இங்கிலீஷில் கேட்டாள். ஆறு என்றது ஒரு பெண். அவராக இருந்தால் சபாஷ் சொல்லி அடுத்த கணக்குக்குத் தாவியிருப்பார். ஸ்ரீவித்யாவோ, ஏன் என்பதைக் கன்னடத்தில் "யாக்கே?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றாள். ஒன்றரை என்றான் ஒரு பையன். அவனுக்கும் அதே "யாக்கே?" கொஞ்ச நேரத்தில் வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது. அவள் வாயே திறக்கவில்லை.

இதை எந்தப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள் என்று வராந்தாவில் மடக்கிக் கேட்டார்.

"பயிற்சியெல்லாம் இல்ல சார். எனக்குக் கன்னடத்துல அந்த ஒரு வார்த்தைதான் வரும். மேல கேக்கத் தெரியாம முழிச்சிக்கிட்டு நின்னேன், பசங்களே பேச ஆரம்பிச்சிட்டாங்க."

மறுநாள் பி பிரிவில் "யாக்கே?" என்று கேட்டார். யாரும் வாய் திறப்பதற்குள் நாலு பாஷையிலும் பதிலை அவரே சொல்லிவிட்டார். வெட்கத்தை விட்டு ஸ்ரீவித்யாவிடம் போய்ச் சொன்னார். அவள் தன் காலி பீரியடில் அவர் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். அவர் வாய் திறக்கும்போதெல்லாம் தன் உதட்டில் விரல் வைத்தாள். பழகப் பழக அந்த விரலுக்கு வேலை குறைந்தது.

பரீட்சைக்கு முன்னால் டொமினிக் சோதிக்க வந்தார். அதே கணக்கு. ஆறு என்றான் ஹரிஷ்குமார். "யாக்கே?" என்று கேட்டுவிட்டு ரெமிஜியஸ் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். டொமினிக்குக்குத்தான் பொறுக்கவில்லை, பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பையன் முந்திக்கொண்டான்.

"மூணு பன்னு சார். ஆளுக்குப் பாதி குடுத்தா ஆறு பேருக்கு வரும்."

பரீட்சையிலும் பி பிரிவு கவிழவில்லை. பஸ் டியூட்டி ஒழிந்தது. டொமினிக் சும்மா இருப்பாரா? எல்லா ஆசிரியர்களுக்கும் 'யாக்கே' என்ற தலைப்பில் முழுநாள் பயிற்சி ஏற்பாடு செய்தார். வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர், பிள்ளைகளைப் பேச விட வேண்டிய அவசியத்தைப் பற்றிச் சாயங்காலம் வரை ஒருவரையும் பேச விடாமல் பேசினார். கடைசியில், யாருக்காவது சந்தேகம் உண்டா என்றார்.

ரெமிஜியஸ் எழுந்தார். "யாக்கே?"

ஹால் சிரித்தது. டொமினிக் சிரிக்கவில்லை. மறுபடியும் ஒரு வாரம் ஸ்ரீவித்யா வகுப்பில் பின்பெஞ்ச் என்று அங்கேயே அறிவித்தார். ரெமிஜியஸ் தலையைக் குனிந்துகொண்டார், சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிட்டால் தண்டனையை ரத்து பண்ணிவிடுவாரே என்று.