ஏணியில் நின்று முகர்ந்தவர்

ஆம்பூர்க்காரனுக்கு நாற்றம் தெரியாது என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். என் விஷயத்தில் அது உண்மை. தோல் பதனிடும் டேனரிக்குப் பின்தெருவில் வளர்ந்தவன் நான். விருந்தாளி யாராவது மூக்கைப் பொத்தினால், பாவம், ஜலதோஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். இந்த மூக்கோடுதான் கடற்படையில் போர் விமானியானேன். அது என்னைக் கொல்லப் பார்த்தது.

எழுபத்தொன்றில் போர் தொடங்கி மூன்றாம் நாள் காலை, விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எனக்கு முதல் தாக்குதல் பயணம். விமானத்தில் ஏறி இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன். பட்டைகளை இறுக்கிவிட ஏணியில் ஏறி வந்தார் மெக்கானிக். நாட்றம்பள்ளிப் பக்கம் விவசாயக் குடும்பம். கப்பலில் ஊர்ப் பேச்சு பேச எனக்குக் கிடைத்த ஒரே ஆள். பாதி இறுக்கியவர் நிறுத்தி, தலையை உள்ளே விட்டு முகர்ந்தார்.

"சார், உள்ள கிருஷ்ணாயில் வாசன அடிக்குது. உங்களுக்குத் தெர்ல?"

"ஒண்ணும் இல்ல. சீக்கிரம் மூடுங்க."

"ஜாஸ்தியா அடிக்குது சார். எறங்குங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. இந்த விமானம் போகாது என்று கப்பலின் மேல்தளத்தில் நின்றவர்களுக்குக் கையை ஆட்டிச் சைகையும் காட்டிவிட்டார். என்னோடு கிளம்ப வேண்டிய மூன்று விமானங்கள் என்னை விட்டுவிட்டுப் பறந்தன. எனக்கு வந்ததே கோபம்! "நீ பயந்தாங்கொள்ளின்னா நானும் பயப்படணுமா?" என்று அத்தனை பேர் முன்னால் ஒருமையில் கத்தினேன். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, நான் இறங்கக் காத்திருந்தார்.

இருக்கையைக் கழற்றிப் பார்த்தார்கள். எரிபொருள் குழாயில் விரிசல். கிருஷ்ணாயில் மாதிரியே வாசனை அடிக்கும் விமான எரிபொருள் அடியில் குட்டை கட்டி நின்றது. மேலே போனபின் ஒரு பொறி போதும், என்னைத் தேடவே வேண்டியிருந்திருக்காது.

மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. அதிகாரி என்ற வீம்பு. மறுநாளும் அவரே ஏணியில் ஏறினார். முதலில் முகர்ந்தார், பிறகுதான் பட்டையைத் தொட்டார். போர் முடியும்வரை தினமும் அப்படித்தான். எதிரித் துறைமுகத்தின் மேல் பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே பாய்ந்தபோதெல்லாம் பயந்திருக்கிறேன். ஆனால் என் விமானத்தை நினைத்து ஒருநாளும் பயந்ததில்லை. அந்த நிம்மதியைக் கொடுத்தவர் அவர்.

போன மாதம் நாட்றம்பள்ளியில் அவர் பேத்திக்குக் கல்யாணம். பத்திரிகை அனுப்பியிருந்தார். பலர் முன்னால் திட்டியவன் பலர் முன்னால்தான் நன்றி சொல்ல வேண்டும் என்று, பந்திக்கு முன் மைக்கை வாங்கி எல்லாவற்றையும் சொன்னேன், நான் கத்தியது உட்பட. அவர் வீட்டில் யாருக்குமே இது தெரியாது. மணப்பெண் அழுதுவிட்டாள். நானும்தான்.

பந்தியில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்: "எல்லாம் சரியா சொன்னீங்க. ஒண்ணு மட்டும் தப்பு. எனக்கு நிச்சயமா தெரிஞ்சுதுன்னு சொன்னீங்களே, அன்னிக்கு எனக்கே சந்தேகம்தான் சார். தளம் பூரா அந்த வாசனதான அடிக்கும்."

"அப்புறம் எந்த தைரியத்துல நிறுத்துனீங்க?"

"தப்பா இருந்தா என் வேலதான் போவும். அவ்ளோதான சார்?"

சோற்றை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.