ஜீப்புப் பெட்டியில கட்டுன கம்ப்யூட்டர்

எங்க வீட்டு ஹாலுக்கு யார் வந்தாலும் நான் முதல்ல காட்டுறது டிவிக்குக் கீழே சிமெண்டு ஷெல்ஃபுல உட்கார்ந்திருக்கிற பச்சைத் தகரப் பெட்டியைத்தான். "இது என்னாது, டிரங்குப் பெட்டியா?"ன்னு கேட்பாக. "கம்ப்யூட்டர். நான் கட்டுனது"ம்பேன். நம்பமாட்டாக. உடனே மூடியைத் திறந்து காட்டிருவேன். காபி ஆறினா ஆறட்டும், பார்த்துட்டுத்தான் குடிக்கணும். பெருமையடிக்கிறியான்னு கேட்டா, ஆமா, பெருமைதான் அடிக்கிறேன். பின்னே, சும்மாவா?

அந்தப் பெட்டி எங்கப்பா ஜீப்புல சீட்டுக்கு அடியில கெடந்தது. ஸ்பானர், ஜாக்கி லிவர், கிரீஸ் துணி எல்லாம் அதுலதான் இருக்கும். கோம்பையில இருந்து கேரளா எல்லையில இருக்கிற கம்பம்மெட்டுக்கு மேல ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பொம்பளையாளுகளை ஏத்திட்டுப் போற ஜீப்பு. விடியறதுக்கு முன்னாடி கிளம்பும். எங்கம்மாவும் அதுலதான் வேலைக்குப் போச்சு. கல்யாணத்துக்கு முன்னாடியும் போச்சு, பின்னாடியும் போச்சு. ஒரே வித்தியாசம், பின்னாடி அதுக்கு முன் சீட்டு கெடைச்சது.

வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி அப்பா கழுத்தைத் திருப்பி, "ஏறியாச்சா?"ன்னு ஒரு சத்தம் குடுப்பாரு. பின்னாடியிருந்து, "ஏறியாச்சு, போலாம்"னு பதில் வரணும். வந்தாத்தான் கியரைப் போடுவாரு. நானும் அம்மாவும் மட்டும் முன் சீட்டுல உட்கார்ந்து பெரியகுளத்துக்கு விசேஷத்துக்குப் போனாலும் கேட்பாரு. "பின்னாடி யாருப்பா இருக்கா, ஆவியா?"ன்னு நான் கேலி பண்ணுவேன். அப்பவும் பதில் சொன்னாத்தான் வண்டி நகரும்.

அப்புறம் அப்பாவுக்குச் சர்க்கரை வந்து எடது காலை முட்டிக்குக் கீழே எடுக்கவேண்டியதாப் போச்சு. ஜீப்பை வித்தோம். பெட்டியை மட்டும் இறக்கி வச்சுக்கிட்டாரு. மதுரை ஆஸ்பத்திரியில அளவெடுத்து ஒரு செயற்கைக் கால் செஞ்சு குடுத்தாக. நல்ல கால், பார்க்கவும் அம்சமாத்தான் இருந்துச்சு. அதைப் பாலிதீன் கவரோட அப்படியே கட்டிலுக்கடியில தள்ளிட்டாரு. "எனக்கெதுக்குக் கட்டைக்காலு? எங்கன போகப் போறேன்?"

நடக்கப் பயிற்சி குடுக்க ஆஸ்பத்திரியில இருந்து வந்த பொண்ணு தெளிவாச் சொல்லிட்டுப் போச்சு. "இப்பயே போட்டுப் பழகணும். நாளாக ஆக முட்டி மடங்கினபடியே இறுகிப்போயிரும். அப்புறம் நீங்களே ஆசைப்பட்டாலும் போட முடியாது." நான் அதைக் கேட்ட நாள்ல இருந்து எனக்கு வேற நினைப்பே கிடையாது. அப்பா சக்கர நாற்காலியிலயும் கட்டில்லயும் மாறி மாறிக் கெடந்தாரு. டிவி ஓடும், அவரு பார்க்கமாட்டாரு. தானா ஒரு வார்த்தை பேசவும் மாட்டாரு. அம்மா கெஞ்சுச்சு. நான் சண்டை போட்டேன். எனக்குக் கெஞ்ச வராது, வாய்தான் வரும். ஒண்ணுக்கும் அசையலை. எங்க ஊரு கோம்பை நாய்க்கே ரோசத்துல பேரு, மனுசனுக்குச் சொல்லவா வேணும்?

நான் உத்தமபாளையத்துல ஒரு இ-சேவை மையம் வச்சிருக்கேன். ஒரு மத்தியானம் கடையில ஆளில்லாதப்போ போன்ல ஒரு வீடியோ ஓடுச்சு. யாரோ ஒருத்தர் வீட்டு ஹால்ல டிவி முன்னாடி ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு மலை ரோட்டுல ஜீப்பு ஓட்டுறாரு. கேரளாக்காரப் பசங்க யாரோ நம்ம மலை ரோடு மாதிரியே கேமுக்குள்ள செஞ்சு போட்டிருக்காங்க. வளைவுல போர்டெல்லாம் மலையாளத்துல. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அப்பா காலை எடுத்து மாட்டிருவாருன்னெல்லாம் நான் கனவு காணலை. அந்த வாயில இருந்து ஒரு வார்த்தை வரட்டும், மத்ததை அப்புறம் பார்த்துக்குவோம்னு இருந்துச்சு.

பெங்களூர்ல சாஃப்ட்வேர்ல இருக்கிற தம்பிக்குப் போனைப் போட்டு, அப்பாவுக்கு இந்த கேம் ஓட்ட நானே ஒரு கம்ப்யூட்டர் கட்டப் போறேன்னேன். சிரிச்சான். "அக்கா, கேமிங் கம்ப்யூட்டர்னா உங்கடையில ஆதார் பிரிண்ட் எடுக்கிற மெஷின்னு நெனச்சியா? அதெல்லாம் உனக்கு ஆகாது. ரெடிமேடா வாங்கு, இல்லைன்னா விட்ரு." ரெடிமேடு என்ன விலைன்னு கேட்டுட்டு, "போனை வைடா"ன்னு வச்சுட்டேன். எனக்கு ஆகாதாம். கடையில நாலு மெஷினைப் பிரிச்சு மேஞ்சு உயிர் குடுத்துக்கிட்டிருக்கிறது யாரு, இவனா?

ஸ்கூட்டி வாங்கச் சீட்டுப் போட்டு வச்சிருந்த காசை எடுத்தேன். அது பத்தணும், அதான் கணக்கு. இன்னொரு சிக்கல், எடம். எங்க ஹால்ல கட்டில் பாதியை அடைச்சுக்கும். மீதியில சக்கர நாற்காலி திரும்பணும். கடையில விக்கிற பெரிய கேபினட்டை வச்சா அப்பா பாத்ரூம் போக வழியிருக்காது. அதனால பெட்டி ஷெல்ஃபுக்குள்ள அடங்கணும், ஆனா மலை ஏறுற தெம்பு உள்ளே இருக்கணும்.

மதுரையில ஒரு கடையில, ஆபீஸ்ல கழிச்சுப்போட்ட சின்ன மதர்போர்டும் பிராசசரும் சேர்த்தே கெடைச்சது. ரெண்டு உள்ளங்கையை விரிச்சு வச்சா அம்புட்டுத்தான் போர்டு. தேனியில கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போனேன். ஒத்தை ஃபேன் வச்ச குட்டைக் கார்டுதான் வேணும்னேன். கடைக்காரரு, "இது பத்தாதுங்க மேடம், பெருசா எடுங்க, பையன் அப்புறம் சண்டை போடுவான்"னாரு. "பையனுக்கில்லை, எங்கப்பாவுக்கு"ன்னேன். மனுசன் கையில இருந்த பெரிய கார்டைக் கீழே வச்சாரு. அப்புறம் அவரே உள்ளே போயி நான் கேட்ட குட்டைக் கார்டை எடுத்துட்டு வந்தாரு. மெமரி எங்கடையில செத்துப்போன மெஷின்ல இருந்து எடுத்தேன். பள்ளிக்கூடத்து ரப்பரால அதோட பல்லைத் தேய்ச்சா பளபளன்னு ஆயிரும், புதுசு தோத்துச்சு. ஸ்டீயரிங், மூணு பெடல், கியர்க் கம்பி மூணும் சேர்ந்த ஒரு செட்டை, துபாய்க்குக் கிளம்புன சின்னமனூர்க்காரர் ஒருத்தர்கிட்ட இருந்து வாங்கினேன்.

பெட்டிக்குத்தான் யோசிச்சேன். அப்புறம் பரண்ல ஏறி ஜீப்புப் பெட்டியை இறக்குனேன். உள்ளே அளந்து பார்த்தா, போர்டு உட்கார்ந்து பக்கத்துல கார்டும் நிக்குது. வெல்டிங் பட்டறையில குடுத்து ரெண்டு பக்கமும் காத்துக்கு ஓட்டை போட்டேன். ஆடிக் காத்துல எங்க பக்கம் சோத்துலயே மண் விழும், அதனால காத்து உள்ளே வர்ற பக்கம் ஏலக்காய் சலிக்கிற சல்லடைக் கம்பியை வெட்டி அடைச்சேன். எந்த வீடியோவிலயும் இது கிடையாது, என் சொந்த மூளை.

ஞாயித்துக்கிழமை காலையில ஹால்ல பாயை விரிச்சு எல்லாத்தையும் மாட்டி, சுவிட்சைத் தட்டினேன். ஃபேன் சுத்துது. டிவி கன்னங்கரேல்னு நிக்குது. தம்பி சிரிச்ச சிரிப்பு காதுல கேட்குது. ஒவ்வொண்ணா கழட்டி மாட்டுறேன், ஒண்ணும் நடக்கலை. கடைசியில பார்த்தா, பிராசசருக்குன்னு தனியாப் போற சின்ன கரண்டு ஒயரைக் குத்தவே இல்லை. அது மூலையில கிரீஸ் கறைக்குள்ள ஒளிஞ்சு கெடக்குது. குத்திட்டுத் தட்டினேன். டிவியில வெளிச்சம் வந்துச்சு. "வந்துருச்சுடீ!"ன்னு எனக்கு நானே கத்தினேன்.

கட்டில்ல இருந்து ஒரு சத்தம். "ஏன் ஆத்தா, என் பொட்டியை இப்படி ஓட்டை ஓட்டையா ஆக்கிட்டியே."

எத்தனையோ நாளைக்கப்புறம் அப்பாவா பேசுன முதல் பேச்சு அது. திட்டுனாலும் எனக்கு இனிச்சது.

சாயங்காலம் அம்மா குளிச்சுட்டு வந்து பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வச்சுச்சு. மல்லிகைப்பூ சுத்துச்சு. கையில ஒரு எலுமிச்சம்பழத்தை வச்சுக்கிட்டு முழிச்சது. புது வண்டின்னா சக்கரத்துக்கு அடியில பழம் வச்சு நசுக்கித்தான் எடுக்கணும். இதுக்குச் சக்கரம் எங்கன இருக்கு? பெட்டியைச் சுத்திப் பார்த்துச்சு, மேசையில மாட்டியிருந்த ஸ்டீயரிங்கைப் பார்த்துச்சு. கடைசியில குனிஞ்சு, எடது ஓரத்துப் பெடலுக்கு அடியில பழத்தைச் செருகிருச்சு. அது கிளட்ச்சு. எனக்குச் சிரிப்பு தாங்கலை. ஆனா அந்தப் பெடலுக்கு வேலையே இருக்காதுன்னு விட்டுட்டேன். அப்பாவுக்கு எடது கால் இல்லையேன்னு, கியர் தானா மாறுற மாதிரி நான் முன்னாடியே செட் பண்ணி வச்சிருந்தேன்.

நாற்காலியை மேசைகிட்டத் தள்ளுனோம். டிவியில பச்சை ஜீப்பு, மலை அடிவாரம், மலையாள போர்டு. அப்பா போர்டை எழுத்துக்கூட்டி வாசிச்சாரு. கை தன்னால ஸ்டீயரிங்குக்குப் போச்சு. வலது காலால முடுக்குனாரு. முதல் வளைவைத் திருப்புறதுக்குள்ள பொசுக்குன்னு எல்லாம் அணைஞ்சு போச்சு. பதறிப் பார்த்தா, அம்மா பெட்டிமேல பழைய சேலையில தைச்ச உறையைப் போட்டு மூடியிருக்கு. எங்க வீட்டுல மிக்சிக்கு உறை, பிரிட்ஜுக்கு உறை, ரிமோட்டுக்குக்கூட கவர். "தூசி போயிரும்ல"ங்குது. "மூச்சு முட்டிப் போச்சும்மா அதுக்கு!"ன்னு கத்திப் பிடுங்கிப் போட்டேன். சூடு ஆறினதும் மறுபடி ஓடுச்சு. என் பெட்டிமேல ஒரு குத்தமும் இல்லை, அதைச் சொல்லிடறேன்.

ஆனா அப்பா மறுபடி ஓட்டலை. மறுநாளும் இல்லை, அதுக்கடுத்த நாளும் இல்லை. நாற்காலியைத் திருப்பிக்கிட்டு சுவத்தைப் பார்த்து உட்கார்ந்துட்டாரு. எனக்கு ஆத்திரம் தாங்கலை. கடைக்குக் கிளம்பிக்கிட்டிருந்தவ பையைக் கீழே போட்டேன்.

"என்னப்பா கொறை? படம் தெளிவா இல்லையா? ரோடு சரியில்லையா?"

"எல்லாம் சரிதான். பழம் நசுங்கலையே."

"என்னது?"

"பழம் வச்ச வண்டி ஆத்தா. நசுக்காம எடுத்துட்டேன். முதல் வளைவுலயே நின்னுச்சுல்ல?"

"அது அம்மா மூடி வச்சதுனால நின்னுச்சு! இருங்க, இந்தப் பழத்தை எடுத்து எறியறேன்." குனிஞ்சேன். அம்மா ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிருச்சு. வச்ச பழத்தைக் கையால எடுக்கக்கூடாதாம். சரி, நான் மிதிக்கிறேன்னு காலைத் தூக்கினேன்.

"ஓட்டுறவந்தான் மிதிக்கணும்"னாரு அப்பா.

"அப்ப நீங்களே மிதிங்க! யாரு வேணாம்னா?"

சொன்ன பிறகுதான் நான் என்ன சொல்லியிருக்கேன்னு எனக்கு உறைச்சது. அம்மா என்னை மொறைச்சது. அப்பா என்னைப் பார்க்கலை, கீழே அந்தப் பெடலையே பார்த்துக்கிட்டிருந்தாரு. தோல் சுருங்கி, மஞ்சள் மங்கி, பழம் அப்படியே இருந்துச்சு. பிறகு ரொம்ப சாதாரணமா, ஸ்பானர் எடுத்துக் குடுன்னு கேட்கிற குரல்ல சொன்னாரு.

"கிளட்ச்சு இல்லாம ஓட்டுறதெல்லாம் ஒரு ஓட்டா? கட்டிலுக்கடியில கெடக்குறதை எடு ஆத்தா."

நான் தரையில படுத்து அதை இழுத்தேன். பாலிதீனைப் பல்லால கிழிச்சேன். மிச்சக் கால்ல உறையை மாட்டி, செயற்கைக் கால் குழிக்குள்ள அதை இறக்கி, அம்மா பட்டையை இறுக்குச்சு. அப்பாவுக்கு முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுச்சு. மடங்கியிருந்த முட்டி நிமிர்ந்துச்சு. கொஞ்சம் கஷ்டமாத்தான், ஆனா நிமிர்ந்துச்சு. நான் செட்டிங்குக்குள்ள போயி, தானா மாறுற கியரை அணைச்சு, கியர்க் கம்பிக்கு மாத்தினேன்.

செயற்கைப் பாதத்தைப் பெடல்மேல வச்சு அழுத்தினாரு. பழம் வழுக்குச்சு. மறுபடி வச்சாரு. தொடையில இருந்து மொத்த பலத்தையும் குடுத்து, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரே அழுத்து. பொதுக்குன்னு உடைஞ்சு, சாறு தரையில வழிஞ்சு, ஹாலெல்லாம் எலுமிச்சை வாசம். பெடல் வீணாப் போயிருமேன்னு எனக்குத் தோணவே இல்லை. துபாய்க்காரரோட பெடல், போனாப் போகட்டும்.

கிளட்ச்சை விடலை. கை கியர்க் கம்பிக்குப் போச்சு, போடாம நின்னுச்சு. டிவியில ஜீப்பு உறுமிக்கிட்டு நிக்குது. எதுக்கு நிக்கிறாருன்னு எனக்குப் புரியலை. அப்போ அப்பா கழுத்தை லேசாத் திருப்பினாரு.

"ஏறியாச்சா?"

அம்மா கையில அந்தக் கால் இருந்த பாலிதீன் கவரை வச்சுக்கிட்டு, கட்டில் ஓரத்துல உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டுச் சொல்லுச்சு.

"ஏறியாச்சு, போலாம்."

அப்பா கியரைப் போட்டாரு.