மூன்று மணிக்குப் போன ஆய்வு

சமூக நலப் பிரிவில் கிருஷ்ணகிரிக்கு மாறுதலாகி வந்த முதல் வாரமே ஒரு குழந்தைகள் காப்பகத்தை மூடப் பார்த்தவன் நான். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. கடமை உணர்ச்சி கொஞ்சம் அளவுக்கு மீறிப் போய்விட்டது.

போச்சம்பள்ளி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் பதினோரு பெண்கள் சேர்ந்து, லாபம் எதுவும் எடுக்காமல் நடத்திவந்த காப்பகம் அது. கம்பெனி வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள். வாடகையும் பிள்ளைகளின் சாப்பாடும் அரசு மானியத்தில் ஓடின. ஆபீஸில் ஃபைல்களை முடித்து, சாப்பிட்டுவிட்டு, நான் ஜீப்பில் போய் இறங்கியபோது மணி மூன்று. உள்ளே ஒரு பிள்ளைகூட இல்லை. செயலாளர் மஞ்சுளா தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். கன்னடம் கலந்த தமிழில் ஏதோ சொல்ல வந்தார். நான் காது கொடுத்தால்தானே? பதிவேட்டில் அன்றைக்கு இருபத்திரண்டு பிள்ளைகள் வந்ததாக எழுதியிருந்தது. "மையம் செயல்படவில்லை, மானியத்தை நிறுத்தலாம்" என்று அறிக்கை அனுப்பினேன். மோசடியைப் பிடித்துவிட்ட பெருமை வேறு.

பத்து நாள் கழித்து மஞ்சுளா ஆபீஸுக்கு வந்தார். அழவில்லை, சண்டை போடவும் இல்லை. மானியம் நின்றால் மாதக் கடைசியில் கதவைப் பூட்ட வேண்டும் என்றார். பிள்ளையை விட இடமில்லாமல் வேலையை விடப்போகிறவர்கள் யார் யார் என்று பெயர் பெயராகச் சொன்னார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"சார், நீங்க ஆபீஸ் டைமுக்கு வந்தீங்க. எங்க பிள்ளைங்க ஷிப்ட் டைமுக்கு வருதுங்க. ஒரு நாள் காலைல அஞ்சரைக்கு வந்து பாருங்க. அப்புறம் என்ன வேணா எழுதிக்கங்க."

அங்கே பிள்ளைகளை விடுகிறவர்கள் எல்லோரும் முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள். அந்த ஷிப்ட் ஆறு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடியும். இரண்டரைக்குள் தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய்விடுவார்கள். சுற்றுவட்டாரத்தில் டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரிந்த விஷயம், ஆய்வு செய்யப் போன எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அஞ்சரைக்குப் போய் நின்றேன். யூனிஃபார்ம் போட்ட பெண்கள் தூங்கும் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். மதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்த ஒரு பெண், இங்கே சொந்தம் என்று யாருமில்லாதவள், மஞ்சுளா கையில் குழந்தையைக் கொடுத்த வேகத்தில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை. பாயில் படுத்திருந்த பிள்ளைகளை எண்ணினேன். இருபத்திரண்டு. எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றே மேலதிகாரியிடம் புதிய அறிக்கையோடு போனேன். முந்தையது தவறு, மானியம் தொடர வேண்டும், இனிமேல் எந்த மையத்தையும் அது இயங்கும் நேரத்தில்தான் ஆய்வு செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"உங்க ரிப்போர்ட்டையே நீங்க தப்புன்னு எழுதுறீங்களே, இது ஃபைல்ல நிக்கும், தெரியுமில்ல?"

"நிக்கட்டும் சார்."

மானியம் நிற்கவில்லை. மாவட்ட ஆய்வுப் படிவத்தில் 'மையம் இயங்கும் நேரம்' என்ற கட்டமும் சேர்ந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைத்தான் முதலில் நிரப்ப வேண்டும், பிறகு கிளம்ப வேண்டும். ஓய்வு பெறும்வரை எத்தனையோ ஆயிரம் கையெழுத்துப் போட்டிருப்பேன். அதில் எனக்கு நிறைவு தருவது, "என் அறிக்கை தவறு" என்ற வரிக்குக் கீழே போட்டதுதான்.