ஒரு மீட்டரில் பிடித்த கை

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நான் அங்கே நின்றிருந்தேன். பிற்பகல் மூன்று மணி, நல்ல வெயில். பேய் வர இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் வேறு ஏதாவது எடுத்துப் படிக்கலாம்.

நானும் என் கணவரும் கட்டடக்கலை வரலாற்றில் ஆராய்ச்சி மாணவர்கள். இருவருக்கும் வழிகாட்டி ஒரே பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கோபுரம்’. உயரத்துக்காக இல்லை, யாரையும் குனிந்து பார்த்ததில்லை என்பதற்காக. முப்பது வருடமாக அவர் நடத்தியது ஒரே பாடம்தான்: மறுமலர்ச்சிக் காலத்துக் கலைஞர்கள் தங்களுக்கு முந்தைய இடைக்காலத்தாரைத் துச்சமாக நினைத்தார்கள், காட்டான் வேலை என்று ஒதுக்கினார்கள். தன் குணத்துக்கு வரலாற்றில் சாட்சி தேடிக்கொண்ட மனிதர் அவர்.

என் கணவர் வேறு சொன்னார். நாங்கள் ஆராய்ந்த தேவாலயத்தின் பெரிய கூடம் இடைக்காலத்தில் கட்டியது. அகலம் பதினொன்று அறுபது, அதாவது பதினோரு மீட்டர் அறுபது சென்டிமீட்டர். முந்நூறு வருடம் கழித்து மறுமலர்ச்சிக் கலைஞன் ஒருவன் அதன் கோடியில் குவிமாடம் வைத்தான். அதன் விட்டமும் பதினொன்று அறுபது. தரையிலிருந்து கூடத்து மேல்மாடக் கைப்பிடிச் சுவர் வரையுள்ள உயரமும் அதே அளவாக இருந்துவிட்டால், பழையவர்கள் சதுரம் போட்டிருக்கிறார்கள், புதியவன் அந்தச் சதுரத்துக்குள் தன் வட்டத்தை உட்கார வைத்திருக்கிறான் என்று பொருள்.

“இது அவமதிப்பு இல்ல. கும்பிடு,” என்பார்.

மூவரும் அளக்கப் போனோம். மேலே டேப்பின் முனையோடு என் கணவர். கீழே சுருளோடு கோபுரம். பக்கத்தில் நோட்டோடு நான். துணி டேப்பின் முனை வளையம் தேய்ந்து ஆடும். அதனால் ஒரு மீட்டர் கோட்டில் பிடித்துக்கொண்டு குரல் கொடுப்போம். கீழே படிப்பவர் ஒன்றைக் கழிக்க வேண்டும். முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் சங்கதி.

“ஒண்ணுல பிடிச்சிருக்கேன் சார், கழிச்சுக்கோங்க!”

எனக்குத் தெளிவாகக் கேட்டது.

கோபுரம் கழிக்கவில்லை. பன்னிரண்டு அறுபது என்று குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் துறைக் கூட்டத்தில், முப்பது பேர் முன்னால் சிரித்தார்.

“டேப் பிடிக்கத் தெரியல, தத்துவம் மட்டும் பொங்குது.”

“ஒண்ணுல பிடிச்சேன்னு சொன்னேனே சார்.”

“யார்கிட்ட? என்னம்மா, நீ பக்கத்துலதானே நின்ன. கேட்டியா?”

என் ஆய்வேடு அவர் கையெழுத்துக்காக அவர் மேசையில் கிடந்தது.

“சரியா கேக்கல சார்,” என்றேன்.

என் கணவர் என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலை, “கீழ நின்னு படிக்க வர்றியா?” என்று மட்டும் கேட்டார். எந்த முகத்தோடு போவேன்? தலைவலி என்றேன். தனியாகப் போனார். முனையை மேலே கட்டிவிட்டு, கீழே தொங்கும் எண்ணைப் பார்க்க எட்டிக் குனிந்திருக்க வேண்டும். விழுந்தார். அறுந்த டேப் கையில் இருந்தது. அந்த வாரமே மேல்மாடப் படிக்கட்டைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள்.

சாவுக்குக் கோபுரம் மாலை அனுப்பினார். நான் அவரிடமே உதவியாளராகச் சேர்ந்தேன். காறித் துப்ப நினைப்பவர்கள் துப்பலாம். நான் துப்பாத நாளில்லை.

ஒரு வருடம் கழிந்தது. அவருடைய புத்தகத்துக்குத் தரை அளவுகள் வேண்டியிருந்தன. புத்தம் புது டேப். முனையைச் சுவரோரம் தரையில் போட்டுவிட்டு, பையிலிருந்த நோட்டை எடுக்கப் போனேன். அவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

மணி மூன்று பத்து.

“பிடிச்சாச்சா?” என்று கத்தினார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

சர்ர்ர்... என்று சுருள் சுற்றும் சத்தம். அவர் கையிலிருந்த டேப் ஓடிக்கொண்டிருந்தது. தரையில் இல்லை...

மேலே.

டேப் செங்குத்தாக நின்றது. விறைப்பாக. காற்றில் அசையவில்லை.

அப்புறம் குரல்.

“ஒண்ணுல பிடிச்சிருக்கேன் சார்...”

கோபுரம் திரும்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணாந்து பார்த்தார்.

மேல்மாடத்தில் யாருமில்லை.

“...கழிச்சுக்கோங்க.”

அவர் டேப்பைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் இழுத்தார்.

பட்.

அறுந்து விழுந்தது. முதல் ஒரு மீட்டர் இல்லை.

மணி மூன்று பன்னிரண்டு.

“மட்டமான டேப்,” என்றார் அவர். உதடு வெளுத்திருந்தது. “காத்துல மேல போய் மாட்டியிருக்கு.” வெளியே ஓர் இலைகூட ஆடவில்லை. ஆனாலும் டேப் செங்குத்தாக நின்றபோது தரை மட்டத்தில் தான் படித்த எண்ணை மறக்காமல் குறித்துக்கொண்டார். பன்னிரண்டு அறுபது.

புத்தகம் வந்தது. தொண்ணூற்று நான்காம் பக்கம், அடிக்குறிப்பு: ‘மறுபடி அளந்தும் பன்னிரண்டு அறுபதே, சதுரம் என்பது ஒரு மாணவரின் கற்பனை.’ பேயே வந்து சொல்லியும் கழிக்காத மனிதர். அவரைப் பார்த்து எனக்குப் பயமில்லை. அருவருப்புதான்.

போன மாதம் கூரை வேலைக்காக மேல்மாடத்தைத் திறந்தார்கள். கொத்தனார் என்னைத் தேடி வந்து ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே இரண்டு டேப் துண்டுகள். ஒன்று மஞ்சளேறிப் பழசு. இன்னொன்று புதுசு. இரண்டும் சரியாக ஒரு மீட்டர்.

“ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல கெடந்துச்சும்மா. விரக்கடை உசரத்துக்குத் தூசி அங்க. ஒரு கால் தடம் கிடையாது.”

தன் கட்டைவிரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

“கைப்பிடிச் சுவர் மேல மட்டும் ஒரு எடம்... கட்டைவிரல் அகலம்தான். தூசியே இல்ல. நாங்க நாள் முழுக்கச் சுண்ணாம்பு சுரண்டுறோம், எல்லா எடத்துலயும் படியுது. அங்க படிய மாட்டேங்குது. தொட்டுப் பார்த்தேன்...”

“பார்த்து?”

“சூடா இருக்கும்மா.”

அதனால்தான் எழுதுகிறேன். உயரம் பதினொன்று அறுபது. எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இரண்டு தடவையும்.